கலக்காமல் விட்ட ஒரு நாள்

ஊர்க்காரர்கள் உங்களிடம் வேறுமாதிரி சொல்லியிருப்பார்கள், அதனால் முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பருத்திச்சத்திரத்தில் பாலில் தண்ணீர் ஊற்றாத பால்காரன் என்று ஒருத்தன் என்றைக்கும் இருந்ததில்லை, என் அப்பா ஊற்றினார், அவருடைய அப்பா ஊற்றினார், நானும் ஊற்றினேன், அதிலும் நான் ஊற்றியது வடிகட்டிய நல்ல தண்ணீர். அப்படி மூன்று தலைமுறையாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்த தொழிலில், ஓர் ஐப்பசி மாதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, முத்தையா டீக்கடை வாசலில் அத்தனை பேர் பார்க்க என் கேனைத் திறந்தபோது, பால் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்ததுபோல நின்றன.

ஊர் சிரி சிரியென்று சிரித்தது. "அய்யாத்துரை, இனிமே ரெண்டு கேனு வச்சுக்கோடே, பாலுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு" என்றார் முத்தையா. என் மானம் கப்பலேறிப் போனது. ஆனால் இது எப்படி நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் நடந்தது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

சிரித்த முத்தையாவின் சிரிப்பு மறுநாள் மத்தியானம் நின்றது. எத்தனை ஆற்று ஆற்றினாலும் சீனி டீயில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த நாள் சண்முகவேல் அண்ணாச்சியின் எண்ணெய்க் கடையில் 'சுத்தமான கடலை எண்ணெய்' என்று எழுதியிருந்த பீப்பாயில் எண்ணெய் மூன்று அடுக்காகப் பிரிந்து, அதில் ஒரு அடுக்கு என்ன எண்ணெய் என்று அண்ணாச்சிக்கே தெரியவில்லை. மிளகாய்ப்பொடியை விட்டுச் செங்கல் பொடி விலகியது, ரேஷன் அரிசியை விட்டுக் கல் விலகியது, மூட்டை தூக்குகிறவர்களின் முதுகில் வேர்வையை விட்டு உப்பு விலகிப் பொடியாக உதிர்ந்தது. எல்லாம் பன்னிரண்டரைக்குப் பிரியும், சாயங்காலம் நாலரைக்குப் பழையபடி சேர்ந்துகொள்ளும்.

அது எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பழைய பருப்பு மில்லுக்குப் பால் கொண்டுபோனேன். மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. மூட்டை அடுக்குகிற அதன் கிட்டங்கியை வெள்ளையடித்து, ஞானமணி என்கிற நர்ஸம்மா, மறதி நோய் வந்த பெரியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போவதற்கு ஓர் இல்லமாக நடத்திவந்தார். காலையில் ஒன்பது மணிக்கு வேன் பதினோரு பேரைக் கொண்டுவந்து இறக்கும், பதினோரு பேரும் வட்டமாக உட்காருவார்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று நர்ஸம்மா கேட்பார், சவரிமுத்து வாத்தியார் நாலு வருஷமாகச் சொல்கிற மாதிரியே "வியாழன்" என்பார், சரி வியாழன் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு சிவப்புப் பந்து ஒன்று கைக்குக் கை போகும், பந்து வந்தவர் தன் பேரைச் சொல்லவேண்டும், பேர் வராவிட்டால் பந்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு கதீஜா பீவி தாலாட்டு ஒன்றை எடுத்துவிட, பிள்ளை இல்லாத தொட்டிலை எல்லோரும் சேர்ந்து ஆட்டுவார்கள். பதினோரு மணி ஆனதும் பயறு வரும்.

பயறுதான் அங்கே பெரிய காரியம், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நர்ஸம்மா அதைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். துவரை, உளுந்து, பாசி, தட்டாம்பயறு, மொச்சை என்று ஐந்தையும் ஒன்றாகக் கலந்து ஆளுக்கொரு மூங்கில் சுளகில் கொட்டிவைப்பார் நர்ஸம்மா. அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர் அதே மில்லில் பருப்புப் பொறுக்கிய கைகள். பெற்ற பிள்ளையின் பேர் மறந்துபோன கை, உளுந்தையும் பாசியையும் பார்க்காமலேயே பிரிக்கும். பிரித்துப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டுப் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட்டு, நாள் பூராவும் வேலை செய்த திருப்தியோடு சாப்பிட உட்காருவார்கள். நாலு மணிக்கு வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, நர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை கிண்ணத்தையும் அண்டாவில் கவிழ்த்து முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குவார், ஏனென்றால் நாளைக்கும் அவர்களுக்கு வேலை வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கலக்கக் கலக்க, திறந்திருந்த என் கேனுக்குள் தண்ணீர் பாலோடு போய்ச் சேர்ந்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "நர்ஸம்மா, இன்னொரு தடவை கலக்குங்க" என்றேன். கலக்கினார். மிச்சமிருந்த தண்ணீரும் பாலோடு சேர்ந்தது. "அப்ப நாந்தானா?" என்றார் நர்ஸம்மா. "நீங்க இல்லம்மா, பிரிக்கிறது அவுகதான். நீங்க சேத்துவைக்கிறீங்க" என்றேன்.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் டீக்கடையில் பேச்சு நடந்தது. அந்த இடத்தையே மூடச் சொல்லவேண்டும் என்று சண்முகவேல் அண்ணாச்சி துள்ளினார். "யாரை மூடச் சொல்லுதீரு? உள்ள உம்ம அத்தைதான உக்காந்து பொறுக்குது" என்று முத்தையா கேட்டதும் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையைப் பார்க்கப் போய்விட்டார். மழை பெய்தால் குடை பிடிக்கிறோமே தவிர மழையிடம் போய்ச் சண்டை போடுகிறோமா? அதுபோல ஊர் அந்த நாலு மணி நேரத்துக்குப் பிரிநேரம் என்று ஒரு பேரை வைத்துத் தன் காரியங்களை அதன்படி மாற்றிக்கொண்டது. உப்புச் சேராது என்பதால் பெண்கள் பன்னிரண்டுக்குள் குழம்பை இறக்கினார்கள். சாமான் வாங்குகிறவர்கள் வேண்டுமென்றே பிரிநேரம் பார்த்துப் போனார்கள். டீ குடிக்கிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கடைசியில் சீனியை நக்கிச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துப்போனது. கீழத்தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி, ஏழு வருஷமாக மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பிரிநேரத்தில் ஒரு நாள் இருவரையும் நிறுத்திப் பார்த்து, மூத்தவன் கையில் நிரந்தரமாக ஒரு கயிறு கட்டிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து எண்ணெய்க் கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'இங்கு பிரிநேரத்திலும் வாங்கலாம்.' நானும் மத்தியானப் பாலில் தண்ணீரை நிறுத்தினேன். காலைப் பாலைப் பற்றி இப்போது நீங்கள் கேட்கக்கூடாது.

ஒரே ஒருத்தருக்குத்தான் இது போதவில்லை. அவர் தங்கப்பழம் பெரியப்பா.

அதே மில்லில் மூட்டை தூக்கியவர். அவருடைய சம்சாரம் வேலுத்தாய் பெரியம்மா முப்பது வருஷம் அங்கே பருப்புப் பொறுக்கியவர், இப்போது கிட்டங்கியில் முதல் சுளகு அவருடையதுதான், கடைசிப் பயறு அவர் கையிலிருந்து கிண்ணத்தில் விழும்போதுதான் ஊரில் எல்லாம் பிரியும். அவர்களுக்கு மாரிச்செல்வம் என்று ஒரே மகன், என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பத்தொன்பது வயதில், அம்மா ஆசைப்பட்டுக் கேட்டாளே என்று காரச்சேவு வாங்கச் சாத்தூருக்குச் சைக்கிளில் போனவன், வரும் வழியில் லாரி அடித்து இறந்தான். அது நடந்து முப்பத்தோரு வருஷம் ஆயிற்று. ஆனால் பெரியம்மாவுக்கு மறதி வந்த பிறகு அவன் இன்னும் சாத்தூரில்தான் இருந்தான். தினமும் காலையில் நான் பால் ஊற்றப் போனால் "மாரி, வந்துட்டியாய்யா? சேவு வாங்கியாந்தியா?" என்பார். "கடை அடைச்சிருக்கும்மா, நாளைக்கு வாங்கியாரேன்" என்பேன். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அதனால் அந்தப் பொய்யைச் சொல்லுகிற அரை நிமிஷத்துக்காகவே நான் அந்த வீட்டுக்கு முதலில் போவேன்.

என்னையாவது மகனாக்கினார். கட்டிய புருஷனை மில் மேஸ்திரி ஆக்கிவிட்டார். "மேஸ்திரியண்ணே, எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலையே, பாத்தீங்களா?" என்று பெரியப்பாவிடமே நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார். பெரியப்பா சோறு ஊட்டினால் அடுத்தவர் கையால் சாப்பிடுவதா என்று வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆரம்பத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று டாக்டர் கேட்டாராம். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாராம், மறந்துபோச்சு என்று டாக்டர் எழுதிவிட்டாராம். "அது மறதி இல்லடே, அவ கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேரைச் சொன்னதே கிடையாது, ஏங்கன்னுதான் கூப்பிடுவா" என்று பெரியப்பா என்னிடம் சொன்னார். அது இருபது தடவை சொன்ன கதை. ஐம்பத்திரண்டு வருஷம் கேட்ட அந்த 'ஏங்க' நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது, அதை இன்னும் ஒரு தடவை கேட்கவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வேன் டயர் பஞ்சராகி, ஐந்தரை மணி வரை பெரியவர்கள் வீட்டுக்குப் போகமுடியவில்லை. அவர்கள் இருக்கும்போது நர்ஸம்மா கலக்கமாட்டார், அதனால் பயறு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிரிந்தே கிடந்தது. அப்போது சவரிமுத்து வாத்தியார் தலையை நிமிர்த்தி, "இன்னைக்குச் சனிக்கிழமையில்லா?" என்றார். கதீஜா பீவி பாட்டை நிறுத்திவிட்டுத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். மனைவியைக் கூட்டிப்போக நடந்தே வந்திருந்த தங்கப்பழம் பெரியப்பா வாசலில் நின்றார். வேலுத்தாய் பெரியம்மா அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், நெற்றி சுருங்கியது, வாய் திறந்தது, "ஏ..." என்றார். சரியாக அந்த நேரம், வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதென்று நினைத்து உள்ளறையில் நர்ஸம்மா அண்டாவில் பயறைக் கொட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது. "என்ன மேஸ்திரியண்ணே, இன்னைக்கு இம்புட்டு நேரமாக்கிட்டீக?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா அன்றைக்கே கிட்டங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நர்ஸம்மா, ஒரே ஒரு நாள் கலக்காம விடுங்க. நாளைக்குக் காலை வரைக்கும். ஏங்கன்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், அப்புறம் நீங்க கலக்கிக்கோங்க."

"பெரியவரே, நாளைக்குப் பொறுக்க எதுவும் இல்லாட்டி அந்தக் கையெல்லாம் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாது. சேலைத் தலைப்பை நூல் நூலாப் பிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார் ஞானமணி நர்ஸம்மா. கொஞ்சம் யோசித்து, "பிரிஞ்சா நமக்கு வேண்டியது மட்டுமா தனியா வரும்? எல்லாமும்தான வரும்" என்றார்.

"வரட்டும்மா. நான் இருக்கேன்ல."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஒரு நாள்தான நர்ஸம்மா, பாவம், விடுங்க" என்றேன். நர்ஸம்மா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், அடுத்த புதன்கிழமை கலக்காமல் விடுவதாக ஒத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை காலையை ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு வீட்டுக்கு வீடு பானைக்குள் அரிசி தனியாகவும் உளுந்து தனியாகவும் பிரிந்து கிடந்தது, இட்லி என்று ஒரு பொருளே அன்றைக்கு ஊரில் இல்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, அப்படியும் வெண்ணெய் தனி, மோர் தனி என்று நின்றது. பட்டாளம் போல ஒரே கூட்டமாகத் திரிகிற தெருநாய்கள் ஆளுக்கொரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. புருஷன் பெண்டாட்டி என்று ஒரே பாயில் படுத்தவர்கள் எழுந்து பார்த்தால் ஆளுக்கொரு சுவர் ஓரம் கிடந்தார்கள், ஏன் என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. பானையும் கையுமாகப் பெண்கள் கிட்டங்கிப் பக்கம் கிளம்பினார்கள்.

நான் ஆறரை மணிக்குப் பெரியப்பா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். கதவைத் திறந்தது வேலுத்தாய் பெரியம்மாதான். மாரி என்று கூப்பிடப்போகிறார் என்று பழக்கத்தில் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"வா அய்யாத்துரை" என்றார். "உங்கப்பா மாதிரியே மெலிஞ்சுட்டியே."

சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். நான் சொல்லவைத்திருந்த பொய்யை விழுங்கிக்கொண்டு கேனை இறக்கினேன்.

உள்ளே பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கூப்பிட்டுட்டாடே" என்றார் என்னிடம். "முழிச்சதும் கூப்பிட்டா. ஏங்க, மணி என்னன்னு கேட்டா. மூணு வருஷத்துக்கு அப்புறம் மணி கேட்டிருக்காடே." அதைச் சொல்லிவிட்டு வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். பெரியம்மா அடுப்படியில் தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏங்க" என்றார். "மாரி போயி எத்தனை வருஷமாச்சு?"

பெரியப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "அது கெடக்கு, நீ இங்க வந்து உக்காரு" என்றார்.

"எத்தனை வருஷமாச்சுன்னு கேக்கேன்."

"முப்பத்தொண்ணு."

பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். "முப்பத்தொண்ணா. எனக்கு இப்பத்தான் தூக்கிட்டு வந்து போட்ட மாதிரி இருக்கே. சைக்கிள்ல அந்தச் சேவுப் பொட்டலம் அப்படியே கட்டியிருந்துச்சு, பிரியக்கூட இல்ல. நாந்தான கேட்டேன். நான் கேக்காம இருந்தா அவன் போயிருப்பானா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் தினமும் உன்கிட்ட என்னய்யா கேப்பேன்?"

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் குனிந்து கேன் மூடியைத் திருகினேன், அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் அழுதார். இத்தனை நாள் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதார், மகன் நேற்றுச் செத்த தாய் எப்படி அழுவாளோ அப்படி அழுதார். பிரிநேரத்தில் அழுத கண்ணீர் என்பதால் தண்ணீர் வழிந்து போய்விட, உப்பு மட்டும் கன்னத்தில் பொடிப்பொடியாக நின்றது. பெரியப்பா துண்டால் துடைத்தார், மறுபடியும் நின்றது, மறுபடியும் துடைத்தார். நடுவில் ஒரு தடவை பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்லாத மூணு வருஷமும் நீங்க ஒத்தையில இதை வச்சுக்கிட்டா இருந்தீக?" என்று கேட்டார். அதற்குப் பெரியப்பாவும் அழுதுவிட்டார்.

எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. பெரியம்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெரியப்பா எழுந்து, "வா, போவோம்" என்று அவர் கையைப் பிடித்தார். பெரியம்மா எழுந்து கூடவே நடந்தார்.

கிட்டங்கிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மாவுப் பானையோடு வந்த பெண்கள் நர்ஸம்மாவைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் கன்னத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகச் சத்தத்தைக் குறைத்து, வழிவிட்டு நின்றார்கள். உள்ளே பெரியவர்கள் வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் பந்தை எடுக்கவில்லை. சவரிமுத்து வாத்தியாருக்குக் கிழமை சரியாகத் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு வியாழக்கிழமையில் தன் தங்கச்சியைப் புதைத்ததும் தெரிந்தது. கதீஜா பீவி தொட்டிலைத் துணியால் மூடிவிட்டார். பதினோரு பேருக்கும் அன்றைக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

நடுவில் மேஜைமேல் கிண்ணங்கள் பிரித்தபடியே இருந்தன. பெரியம்மா கிட்டே போய்ப் பார்த்தார். மொச்சைக் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து, "இந்தப் பூச்சி அரிச்ச மொச்சை தினமும் என் சுளகுக்கே வரும். தூரப் போட்டா மறுநாள் மறுபடியும் வரும். அப்பவே நினைச்சேன், எவளோ கலக்குதான்னு" என்றார்.

"நாந்தான் பெரியம்மா" என்றார் நர்ஸம்மா, தலை குனிந்து.

"நல்ல காரியந்தான் செஞ்சிருக்க" என்றார் பெரியம்மா.

தங்கப்பழம் பெரியப்பா அண்டாவை இழுத்து நடுவில் வைத்தார். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய ஆள், காலி அண்டாவை இழுப்பதற்குள் அவருக்கு இரைத்தது. "நானே கலக்கிரட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"கலக்குனா மாரி மறுபடியும் சாத்தூர்ல இருப்பானா?"

"இருப்பான்."

"உங்களையும் மறந்துருவேனே."

"மறந்துக்கோ. நான் ஞாபகம் வச்சிருக்கேன்ல, அது ரெண்டு பேருக்கும் போதும்."

பெரியம்மா அவரையே பார்த்தார். அந்தச் சனிக்கிழமை பார்த்தாரே, அதைவிட நீளமாகப் பார்த்தார். "அப்ப ஒரு நிமிஷம் பொறுங்க" என்று கிட்டே போய் அவர் காதோடு வாயை வைத்து, ஐம்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, "தங்கப்பழம்" என்றார். ரகசியம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மில் இரைச்சலில் முப்பது வருஷம் பேசியவர்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும், வாசலில் பானையோடு நின்றவர்களுக்கும் அது கேட்டது. பெரியப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

பிறகு அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார், துவரை, உளுந்து, பாசி, தட்டாம்பயறு, கடைசியாக மொச்சை, அந்தப் பூச்சி அரித்த மொச்சையும் சேர்த்து. சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையாலும் கலக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கலக்கினார். வாசலில் பானைக்குள் மாவு குபுக் குபுக்கென்று ஒன்றாகச் சேர்ந்தது, என் கேனுக்குள் வெண்ணெயும் மோரும் சேர்ந்து பாலாயிற்று, பெரியம்மாவின் கன்னத்தில் நின்ற உப்பு கரைந்து ஈரமாயிற்று. சவரிமுத்து வாத்தியார் குனிந்து பந்தை எடுத்தார்.

பெரியப்பா இன்னும் கலக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்தித் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸம்மா மெதுவாகத் தோளைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தார். வேலுத்தாய் பெரியம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அண்டாவை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"எந்தக் கோட்டிக்காரன் இப்படிக் கலந்து வச்சான்?"

"நாந்தான் தாயி" என்றார் பெரியப்பா.

"நல்லாருக்கு உங்க வேலை, மேஸ்திரியண்ணே. எங்க வீட்டுக்காரரு வந்தா சொல்லிப்போடுவேன்."

பெரியப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தினமும் பத்துத் தடவை அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியை, அன்றைக்கு அவரே கேட்டார். "எங்க தாயி போயிருக்காரு உங்க வீட்டுக்காரரு?"

பெரியம்மாவின் விரல்கள் அதற்குள் உளுந்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தன. தலை நிமிராமலேயே சொன்னார்.

"சாத்தூருக்கு. பிள்ளை ஒத்தையில வருவானேன்னு கூட்டியாரப் போயிருக்காரு. அவரு போயிருக்காருல்ல, இனிமே பயமில்ல."